அன்னபாக்கியம் அக்காவின் அகப்பை

சனிக்கிழமை காலை இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஆலயத்தில் துக்க மணி அடித்தது. யாருக்கோ என்று நினைத்துக்கொண்டே ஈரக்கையைத் துடைத்தேன். மணி நின்றதும் போன் வந்தது. மணியடிக்கிற தாவீது அண்ணாச்சிதான்.

"லீலா, நம்ம அன்னபாக்கியம் அக்கா போயிட்டாவம்மா. படுத்தவாக்குல போயிட்டாவ."

"நேத்துகூட எங்கூடப் பேசுனாவளே அண்ணாச்சி."

"ஆமாம்மா, எங்கூடயுந்தான் பேசுனாவ" என்று சொல்லி அழுதார். எங்கள் சபையில் அக்காவுக்காக அழுவதற்கு முழு உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் நைட்டியும் உள்பாவாடையும் விற்கிற சின்னக் கடை அவர்களுடையது. வீட்டுக்காரர் தறி ஓட்டினார். அவர் காலமான பிறகு இந்தக் கடைதான் அக்காவையும் மகள் சுகந்தியையும் காப்பாற்றியது. யாராவது ரொம்பவும் விலையைக் குறைத்துக் கேட்டால், "இந்த வெலைக்குப் பாதி நைட்டி தாரேன். மேல்பாதி வேணுமா, கீழ்பாதி வேணுமா?" என்று கேட்பார்கள். கேட்டவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்தில், சோறு போடுவது அக்கா. அசனத்துக்கு வரும் அரிசி, பருப்புக் கணக்கு என் பொறுப்பு. அதனால் சமையல் கொட்டகையில் நடப்பதெல்லாம் என் கண் முன்னால்தான் நடக்கும். பெரிய அகப்பையை எடுத்துக்கொண்டு அக்கா வரிசையில் இறங்கினால், போதும் என்று இலையில் கை மறிக்க யாருக்கும் தைரியம் வராது. "கர்த்தர் வீட்டுச் சோத்துக்குக் கை மறிக்காதீய வே!" என்று ஒரு அதட்டல் போடுவார்கள்.

சுகந்திக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷம், அவள் உடம்பெல்லாம் புண் வந்தது. திருநெல்வேலிக்குப் போய்ப் பெரிய டாக்டர்களைப் பார்த்தார்கள். களிம்பு, மாத்திரை, உபவாச ஜெபம், எதற்கும் குறைவில்லை. புண்தான் ஆறவில்லை. ஜெபிக்க வந்த பெண்களில் ஒருவர், "வீட்டுல அறிக்கையிடாத பாவம் ஏதும் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார். உள்ளறையில் படுத்திருந்த சுகந்தியின் காதில் அது விழுந்தது. அன்று முதல் அந்தப் பிள்ளை சாப்பாட்டைத் தொடவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலின் புற்றுமண்ணைத் தோல் நோய்க்குப் பூசுவது எல்லோருக்கும் தெரிந்தது. ஆடித் தபசுத் திருவிழாவில் கூட்டத்தோடு கூட்டமாக அக்கா அங்கே போனார்கள். மண் எடுத்தார்கள். கை கூப்பினார்கள். உண்டியலில் பாம்பு உருவத் தகடும் போட்டார்கள். சபையைச் சேர்ந்த ஒருவர் பார்த்துவிட்டார்.

போதகர் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் போனேன். அவர் நல்ல மனிதர். விஷயத்தைப் பெரிதாக்க விரும்பவில்லை.

"மருந்துக்குன்னுதானம்மா எடுத்தீங்க? அப்படியே சொல்லிருங்க. இதோட விட்டுரலாம்."

அக்கா தலையை ஆட்டினார்கள். "இல்லய்யா. மருந்துக்குன்னா பக்கத்து வீட்டுப் பிள்ளைய விட்டு எடுத்தாரச் சொல்லியிருப்பேன். நான் கும்பிடத்தான் போனேன். ஆண்டவர் கேக்கலைன்னு கோவத்துல போனேன்."

வெளியே வந்ததும் நான் கோபப்பட்டேன். "ஒரு வார்த்தை ஆமான்னு சொன்னா என்னக்கா?"

"ஏட்டி, ஒரு தப்ப மறைக்க இன்னொரு தப்பா? ஆண்டவரு மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, அதே வார்த்தைகளைச் சபை முழுக்கக் கேட்கச் சொன்னார்கள். பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்பார்கள். உண்மையைச் சொன்னதால் ஈஸ்டர் வரை திருவிருந்து கிடையாது என்று முடிவானது. அக்கா ஒவ்வொரு வாரமும் வந்து கடைசி வரிசையில் முழங்காலில் நின்றார்கள். மற்றவர்கள் அப்பத்துக்கும் ரசத்துக்கும் எழுந்து போகும்போது தலையைக் குனிந்துகொள்வார்கள். ஈஸ்டர் அன்று போதகர் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அக்கா அப்பத்தை இரண்டு கையாலும் வாங்கினார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சுகந்தியின் புண் மெல்ல ஆறியது. மண்ணா, களிம்பா, ஜெபமா என்று ஊர் அலசியது. அக்கா சொன்னது ஒன்றுதான்: "எது கேட்டுச்சுன்னு கர்த்தருக்குத் தெரியும். நான் யார விட்டுட்டுப் போனேன்னு எனக்குத் தெரியும்."

அந்த வருஷத்து அசனத்தில் அக்கா வழக்கம்போல அகப்பையை எடுத்தார்கள். சபையின் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் சிரித்த முகத்தோடு அதை வாங்கிக்கொண்டார். "நீங்க உக்காருங்கக்கா. முழங்கால் வலி இருக்கும்லா."

அக்காவுக்கு முழங்கால் வலியே கிடையாது. புரிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷமும் முழங்கால். அதற்கடுத்த வருஷமும் முழங்கால். யாரும் திட்டவில்லை, யாரும் விலக்கவில்லை. விசாரித்தே ஒதுக்கினார்கள். நான் சண்டைக்குப் போனபோது அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். "விடுட்டி. ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. இவிய அவரவிடக் கொஞ்சம் கண்டிப்பு, அவ்வளவுதான்."

இதையும் சொல்ல வேண்டும். அகப்பையை வாங்கிய அதே பெண் ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியில் இருந்தது அவருக்குத் தெரியாது. பேரனுக்கு உடம்பெல்லாம் தடிப்பாம். குரலைத் தாழ்த்தி, "அந்த மண்ண எப்படிக்கா பூசணும்? நீங்களே கொஞ்சம் எடுத்துத் தந்தா ஆருக்கும் தெரியாது" என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு, "வேண்டாம்மா. நான் பட்ட பாடு நீ படாத. டாக்டருட்ட காட்டு, நான் வந்து ஜெபிக்கேன்" என்றார்கள். அந்தப் பிள்ளை தேறும்வரை தினமும் கடையைப் பூட்டிவிட்டுப் போய் ஜெபித்துவிட்டு வந்தார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்கா சொல்லாத பெயரை நானும் எழுதப்போவதில்லை.

இந்த வருஷத்து அசனத்தின்போது அக்கா மெலிந்திருந்தார்கள். கொட்டகை வாசலில் நின்று, "ஒரு வரிசைக்கு மட்டும் போடட்டுமா?" என்று கேட்டார்கள். அதுவரை அவர்கள் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. "முடியாத ஒடம்ப வச்சுக்கிட்டு எதுக்குக்கா?" என்று பதில் வந்தது. பந்தி முடிந்தது. எல்லோரும் கை கழுவிப் போனார்கள். கடைசியாகச் சாப்பிட வந்த தாவீது அண்ணாச்சி இலையைப் போட்டு உட்கார்ந்து, கொட்டகைக்குள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

"எக்கா, எனக்கு நீங்கதான் போடணும். வேற ஆரு போட்டாலும் எந்திரிச்சிருவேன்."

அக்கா அண்டாவைச் சுரண்டினார்கள். "அடிச்சோறுதான் இருக்கு அண்ணாச்சி."

"போடுங்கக்கா. கை மறிக்க மாட்டேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போட்டார்கள். அத்தனை வருஷத்துக்கும் அந்த ஓர் இலைதான்.

ஞாயிறு மாலை அடக்கம். "சபைக்குத் தூணாக இருந்தவர்" என்று அகப்பையை வாங்கிய அந்தப் பெண்தான் பேசினார். தூணைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்ததை அவர் சொல்லவில்லை. பெட்டி குழிக்குள் இறங்கியதும் எல்லோரும் வரிசையாக வந்து மண் போட்டார்கள். ஒரு கை மண்ணுக்காக அக்காவை உட்கார வைத்த கைகள் எல்லாம் ஆளுக்கு ஒரு கை மண் அள்ளின. தாவீது அண்ணாச்சி மட்டும் அள்ளிய மண்ணைப் போட மனமில்லாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

போய் வாருங்கள் அக்கா. அங்கே பந்தியில் யாரும் உங்கள் முழங்காலை விசாரிக்க மாட்டார்கள்.