சைவ ஃபெரட்டைத் தேடி

நாய் வளர்க்கலாம், பூனை வளர்க்கலாம், ஊரே வளர்க்குது. எனக்கு மட்டும் ஏனோ ஃபெரட் மேல ஆசை வந்துபோட்டுது. போன்ல ஒரு வீடியோ பார்த்ததுதான் வினை. நீட்டு உடம்பு, குட்டைக் கால், மை தீட்டின மாதிரி கண்ணு. சந்தோசம் வந்துட்டா நேரா நடக்கறதில்லை, நாலு காலையும் தூக்கிக் குறுக்கால குதிக்குது. சரவணம்பட்டியில எங்க ஆபீஸ் கேன்டீன்ல உக்காந்து, தட்டுல சோறு காயற வரைக்கும் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாப்பத்தஞ்சு வயசாச்சு, எனக்குன்னு ஒரு கோழிக்குஞ்சுகூட வளர்த்ததில்லை. இப்பவும் விட்டா இனி எப்பத்தான்?

வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவருக்குப் பெரியநாயக்கன்பாளையத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை. கிரீஸ் கையோட போனை வாங்கிப் பார்த்தார்.

"ஏனம்மணி, இது நம்ம கீரிப்பிள்ளைதான? தோட்டத்துப் பக்கம் போனா வேலியோரம் ஓடுது. இதையப் போயி யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா?"

"கீரியப் புடிச்சா உங்களையும் சேத்துப் புடிச்சு உள்ள வெப்பாங்க. அது காட்டுச் சீவன். இது வீட்டுலயே பொறந்து வளர்றது. தெரியாம பேசாதீங்க."

"செரி செரி, கோவிச்சுக்காத. எனக்கு ஒண்ணுமில்லை. அம்மாவைக் கேளு."

அங்கதான் இருக்குது சங்கதி. என் அத்தை, அவரோட அம்மா, மாமா தவறுன வருசத்துல இருந்து கவுச்சி தொடறதில்லை. நாங்க திங்கறதுக்குத் தடையில்லை. ஆனா கறி வேகறது வீட்டுக்குப் பின்னால பொடக்காலியில, தனி அடுப்புல, தனிச் சட்டியில. வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகைன்னா அதுவும் கிடையாது. அன்னைக்குக் கோழி எடுத்துட்டு வந்து வாசப்படியில காலு வெக்க முடியாது. அத்தை வேண்டாம்னா வேண்டாம்தான், அதுக்கு மேல அப்பீலே இல்லை.

அத்தை எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "அது என்ன திங்கும் கண்ணு?"

"விசாரிச்சுட்டு வந்து சொல்றேனுங்கத்தை."

டவுன்ல ஒரு கடைக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். கிளி, லவ் பேர்ட்ஸ், வெள்ளெலின்னு ஒரே சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவுல ஒரு கம்பிக் கூண்டுல ஃபெரட் ஒண்ணு சுருண்டு கிடந்துச்சு. கடைக்காரர் வாயில தேன் ஒழுகுச்சு. "பால் குடிக்குமுங்க்கா. பிரெட்டு திங்கும், வாழைப்பழம் திங்கும், தயிர்சோறுன்னா உசுரு."

"கறி?"

"கறியே வேண்டாமுங்க்கா. சுத்த சைவம்."

எனக்குத் தலைகால் புரியல. வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பற ஆளுங்க நாங்க. வண்டியில வரும்போது இவரு, "சைவ ஃபெரட் நம்ம கோயம்புத்தூர்லதான் கிடைக்கும் போல"ன்னு சிரிச்சுட்டே வந்தார். அத்தையும், "தயிர்சோறு திங்கறதுன்னா எனக்குத் துணைக்கு ஒரு ஆளாச்சு. கூட்டிட்டு வாங்க"ன்னுட்டாங்க. அதோட விட்டாங்களா, பக்கத்து வீட்டுலயும் போயிச் சொல்லிப்போட்டு வந்தாங்க.

ஆனா படுத்ததும் எனக்கு ஒரு உறுத்தல். அந்தக் கடையில நாங்க நின்ன அத்தனை நேரமும் அது கண்ணே தொறக்கல. தூக்கிப் பார்க்கட்டுமான்னு கேட்டதுக்கு, "தூங்குதுங்க்கா, விடுங்க"ன்னார். வெளிநாட்டுப் பிராணின்னா அரசாங்கத்துல பதியணுமாமேன்னு கேட்டதுக்கும், "அதெல்லாம் அப்பறம் பார்த்துக்கலாமுங்க்கா"ன்னார். எல்லாத்துக்கும் தலையாட்டற ஆளை எனக்கு எப்பவுமே ஆகாது. ஆபீஸ்ல கூட வேலை செய்யற பொண்ணு ஒருத்தி, பெருந்துறையில ஒரு அம்மா வீட்டுலயே ஃபெரட் வளர்க்கறாங்க, முறைப்படி பதிஞ்சு வெச்சிருக்காங்கன்னு சொன்னா. அவங்களையும் ஒரு எட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு ஞாயித்துக்கிழமை கிளம்பினோம். தயிர்சோத்துக்காரனை நானும் பார்க்கணும்னு அத்தையும் கார்ல ஏறீட்டாங்க.

அந்த அம்மாவுக்கு அங்க ஒரு பேக்டரியில வேலை. என் வயசுதான் இருக்கும். ஃபெரட்டுக்குன்னே ஏசி போட்ட ஒரு ரூம் வெச்சிருந்தாங்க. நாங்க கேள்வி கேக்கலாம்னு போனா, அவங்க எங்களைக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. வீட்டுல ஏசி இருக்குதா, சித்திரை வெயிலுக்கு என்ன பண்ணுவீங்க, பகல்ல ஆளு இருக்குமா, பக்கத்துல டாக்டர் யாரு. பொண்ணு குடுக்கறவங்ககூட இத்தனை விசாரிக்க மாட்டாங்க. நானும் சளைக்காம பதில் சொல்லீட்டே வந்தேன். இவருதான் இடையில பெருமையா, "தயிர்சோறெல்லாம் நல்லா பெசஞ்சு போடுவோமுங்க"ன்னார்.

அந்த அம்மா வெடுக்குன்னு இவரு பக்கம் திரும்பினாங்க.

"யாருங்க சொன்னது? இது கறி மட்டுந்தான் திங்கும். தயிர்சோறு போட்டீங்கன்னா வயிறு கெட்டுச் செத்தே போயிரும். வெள்ளிக்கிழமை, அமாவாசை எல்லாம் இதுக்குத் தெரியாதுங்க. தினமும் கறி வேணும். விரத வீடுன்னா சொல்லிருங்க, நான் குடுக்கறதில்லை. தப்பா நெனைக்காதீங்க."

அந்தக் கடைக்காரர் மட்டும் எதுத்தாப்புல நின்னிருந்தா என்ன பேசியிருப்பேனோ, அவரு செஞ்ச புண்ணியம், நாங்க பெருந்துறையில இருந்தோம். தயிர்சோறு போட்டு வளர்த்தா அத்தை சம்மதிப்பாங்க, அந்தச் சீவன் பொழைக்காது. கறி போட்டாப் பொழைக்கும், அத்தை சம்மதிக்கமாட்டாங்க. என் ஆசை அவ்வளவுதான்னு நெனைச்சேன். அத்தை பக்கம் திரும்பவே பயமா இருந்துச்சு.

அப்பத்தான் சோபாவுக்கு அடியில இருந்து ஒரு குட்டி வெளிய வந்துச்சு. எங்களைப் பார்த்துது. குறுக்கால ஒரு குதி, பின்னால ஒரு குதி, கடைசியில கதவுல போயி முட்டிக்கிச்சு. முட்டினதுக்கு வெக்கமே இல்லாம ஓடி வந்து, அத்தையோட முந்தானைக்குள்ள பூந்துக்கிச்சு. அத்தை ஆடாம அசையாம உக்காந்திருந்தாங்க. முந்தானைக்குள்ள இருந்து மூக்கு மட்டும் எட்டிப் பார்த்துது.

"ஏனுங்க," அத்தை மெதுவாக் கேட்டாங்க, "ஒரு நாளைக்குத் திங்காம இருந்தாக்கூட ஆகாதுங்களா?"

"ஆகாதுங்கம்மா. துளியூண்டு வயிறு. காலையில தின்னா மத்தியானம் மறுபடியும் கேக்கும்."

அத்தை முந்தானையை லேசா விலக்கி அந்த மூக்கைப் பார்த்தாங்க. அப்பறம் என்கிட்டத் திரும்பி, "விரதம் எனக்குத்தான? பசிக்கிற வாயிக்குக் கெழமை ஏது? பொடக்காலியில வெச்சுப் போட்டுக்க. என்னைய மட்டும் கறியைத் தொடச் சொல்லாத"ன்னாங்க.

அந்த இடத்துலயே அத்தையைக் கட்டிப் புடிச்சேன். குட்டி நசுங்குதுன்னு அந்த அம்மா சத்தம் போட்டாங்க.

வந்த குட்டி எங்க வீட்டைத் தலைகீழாக்கிப்போட்டுது. இவரோட சாக்ஸ் ஒவ்வொண்ணா காணாம போச்சு, பீரோவுக்குப் பின்னால மலையாக் குமிஞ்சு கிடந்துச்சு. அத்தையோட மாத்திரை டப்பியை இழுத்துட்டு ஓடும், அவங்க "அடியே திருடி, குடுடி"ன்னு பின்னாலயே ஓடுவாங்க. முட்டி வலின்னு உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்காத மனுசி! சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையறப்பவே சிரிப்புச் சத்தம் கேக்கும்.

முதல் வெள்ளிக்கிழமை வந்துச்சு. காலைக்கு நான் போட்டுட்டேன். மத்தியானத்துக்கு உண்டான கறியை டப்பாவுல போட்டு, ஐஸ் போட்ட பெட்டிக்குள்ள வெச்சு, பொடக்காலியில வெச்சேன். மத்தியானம் இவரு வந்து போடறதுன்னு பேச்சு. ரெண்டு மணிக்கு மேல இவருகிட்ட இருந்து போன். காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்துல மோட்டார் எரிஞ்சுபோச்சு, அங்க போயி மறந்தே போயிட்டேன் அம்மணிங்கறார். எனக்கு வந்த கோவத்துல போன்லயே வறுத்து எடுத்துட்டேன். மீட்டிங்கைப் பாதியில விட்டுட்டு வண்டி நிறுத்தற இடத்துக்கு ஓடினேன். ஓடீட்டே வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"அத்தை, குட்டி..."

"எதுக்கு இப்பிடி மூச்சு வாங்கற? அது தூங்குது."

"சாப்பிடவே இல்லைங்கத்தை."

"சாப்புட்டுச்சு. நேரம் ஆயிப்போச்சுன்னு கதவைப் பிராண்டீட்டே இருந்துச்சு. உங்க ரெண்டு பேரையும் காணம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், மனசு கேக்கல. நானே போட்டுட்டேன்."

"நீங்களா? கையிலயா?"

"பின்ன காலுலயா? மூக்கைப் பொத்தீட்டுப் போட்டேன். அப்பறம் தலைக்குத் தண்ணி வாத்துட்டு வெளக்குப் பத்த வெச்சேன். சாமி ஒண்ணும் சொல்லல."

எனக்கு அழுகை வந்துபோட்டுது, சிரிப்பும் வந்துபோட்டுது. ஹெல்மெட்டைக் கையில வெச்சுட்டு அப்படியே நின்னேன்.

"அப்பறம் கண்ணு," அத்தை சொன்னாங்க, "டப்பாவுல நீ வெச்சது பத்தல. தட்டை நக்கீட்டு என் மூஞ்சியவே பார்த்துட்டிருந்துச்சு. வரும்போது கோழி எடுத்துட்டு வந்துரு."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்கத்தை."

"எனக்குத் தெரியாதா? வெரசா வா."