பால் வண்டி வந்த பிறகு

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில், இனி கறந்த பாலை எடுக்க வீட்டு வாசலுக்கே வண்டி வரும் என்று முடிவானதும் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தவள் நான். விடிகாலையில் வரிசையில் நிற்கும் பாடு தீர்ந்ததே!

மறுவாரம் கோயிலுக்குப் போகையில், பூட்டிக் கிடந்த சொசைட்டி வாசலில் செல்லம்மா அக்கா காலித் தூக்குவாளியோடு நின்றார். புருஷன் போனபின் தனியாக இருப்பவர்.

“வண்டிதான் வீட்டுக்கே வருதேக்கா, இங்கிட்டு எதுக்கு நிக்கிறீங்க?”

“பால வண்டியில ஊத்திட்டேன்த்தா. அவுக ஆரன்தான் அடிக்கிறாக. இங்கதான் பாலளக்கையில ‘செல்லம்மா’ன்னு கூப்பிடுவாக. எம்பேரச் சொல்ல வேற யாரு இருக்கா?”

வண்டி நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று சன்னிதியில் கண்ணை மூடியபோது அம்மன் முகம் வரவில்லை. பூட்டிய கதவுதான் வந்தது. இப்போதும் ஆரன் சத்தம் கேட்டால், யாரும் கூப்பிடாத அந்தப் பேரை என் வாய் முணுமுணுக்கிறது.