பனங்கட்டியும் சீற் தூசும்

பக்கத்து வளவில் என் கூடப்பிறந்த அண்ணை மாட்டுக்கொட்டிலுக்கு அஸ்பெஸ்டஸ் சீற் அறுக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் சின்ன வயதில் தின்ற பனைவெல்லப் பனங்கட்டி என் நாக்கில் இனித்தது.

அப்பாவும் பெரியப்பாவும் காங்கேசன்துறைப் பக்கம் கூரைகளுக்குச் சீற் அறுத்துப் போட்டவர்கள். பின்னேரம் மாவில் புரண்டவர்கள் போல வருவார்கள். அப்பாவின் சேர்ட்டை நான் கிணற்றடியில் உதறுவேன். அம்மா தேத்தண்ணியும் பனங்கட்டியும் வைப்பா.

"கடிச்சுக் குடிச்சால் தூசெல்லாம் கீழை இறங்கிப்போம்," என்பார் அப்பா. எனக்கும் ஒரு துண்டு தருவார்.

இரண்டு பேருக்கும் ஒரே தூசு, ஒரே பனங்கட்டி. பெரியப்பா எண்பதிலும் சைக்கிள் ஓடினார். அப்பா அறுபதிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போனார். ஏன் அப்படி என்று எனக்குப் பிடிபடவே இல்லை. சேர்ட் உதறிய தூசுக்குப் பயந்து போன மாதம் என் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டரிடம் கேட்டேன்.

"தூசைத் தாங்கிறது ஆளுக்காள் வித்தியாசம். அதிலை பரம்பரைக்கும் பங்கிருக்கு. பரம்பரையை மாத்தேலாது, தூசைக் குறைக்கலாம். உங்கடை படத்திலை ஒண்டும் இல்லை அம்மா," என்றார்.

பக்கத்து வளவில் வாள் சத்தம் நிற்கவில்லை. தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு அண்ணையிடம் போனேன்.

"சீற்றை நனைச்சிட்டு அறுங்கோ அண்ணை. முகமூடியும் போடுங்கோ."

"எனக்கு ஒண்டும் வராது. நான் அம்மாவின்ரை சாயல். பனங்கட்டியும் கிடக்கு."

"முகம் அம்மாவின்ரைதான். நெஞ்சு அப்பாவின்ரையோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

அண்ணை வாளைக் கீழே வைத்தார். பிறகு குழாயை வாங்கினார்.

நனைந்த சீற்றில் வாள் இறங்கியபோது வெள்ளையாய் எதுவும் கிளம்பவில்லை. வேலை முடிந்ததும் கைகால் கழுவி, தேத்தண்ணியோடு பனங்கட்டியை இரண்டாக உடைத்துத் தின்றோம், இனிப்புக்காக மட்டும்.