பன்னிரண்டரை மணி போன்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ரகம் நான். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒருத்தர் தூக்கு மாட்டிக்கொண்ட வீடு என்று யாரும் எடுக்காமல் பூட்டிக் கிடந்த வீட்டை, அதில் தண்ணீர் நன்றாக வரும் என்பதற்காக நானே கேட்டு வாங்கினேன். பதினாறு வருஷம் அதில் குடியிருந்தேன். கரப்பான்பூச்சியைத் தவிர வேறு எதுவும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், படித்து முடித்ததும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வயசான காலத்தில் வீட்டில் சும்மா இருக்கிற பொம்பளை, ஏதோ கற்பனை என்பீர்கள். என் மகளே அப்படித்தான் சொல்கிறாள், நீங்கள் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது.

எல்லாம் வீட்டு லேண்ட்லைன் போனால் வந்த வினை. என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஊரே செல்போனும் கையுமாக அலைய ஆரம்பித்த பிறகும் தொழிற்சாலை ஆட்கள் அதை உள்ளே கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போகவேண்டும். வீட்டோடு பேசவேண்டுமென்றால் ஷாப் என்று அவர்கள் சொல்கிற வேலைக்கூடத்தில், மேஸ்திரி மேஜையில் இருக்கிற போன் ஒன்றுதான் வழி. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அதற்கு ஒரு வரிசை நிற்கும். ஆளுக்கு மூன்று நிமிஷம், அதற்குள் பின்னால் நிற்கிறவன் கத்த ஆரம்பித்துவிடுவான்.

அவர் ஒரு நாள் தவறாமல் எனக்குப் போன் செய்வார். சாப்பிட்டாயா என்று கேட்பார், கேண்டீன் சாம்பாரைத் திட்டுவார், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல்வார், நான் சொல்கிற அக்கம்பக்கத்துக் கதைக்கெல்லாம் சிரிப்பார். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் அலுப்பில் குளித்து, சாப்பிட்டு, படுத்துவிடுவார். சொன்னால் வெட்கக்கேடு, எங்கள் குடித்தனமே அந்த மூன்று நிமிஷத்தில்தான் நடந்தது. ரிட்டயர் ஆகட்டும், இந்த மனுஷனோடு நாள் முழுக்க உட்கார்ந்து பேசலாம் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன்.

ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பட்டாபிராமில் கட்டிய எங்கள் சொந்த வீட்டுக்கு வந்தோம். போனையும் மாற்றிக் கொண்டுவந்தோம். வந்த நாளிலிருந்து மனுஷன் ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டார். காபி வேண்டுமா என்றால் தலையாட்டல். மகள் வருகிறாள் என்றால் ஒரு ‘ம்’. டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார். கொஞ்ச நாள் என்பது பதினான்கு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த போன் வேறு என் உயிரை வாங்கியது. அதில் வருவதெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களும், கேஸ் ஏஜென்சி என்று நினைத்து சிலிண்டர் கேட்கிறவர்களும்தான். அப்புறம் தெருவில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியதில் அதுவும் போய்ச் சேர்ந்தது. எடுத்தால் ஒரு சத்தம் இல்லை. எத்தனை தரம் புகார் கொடுத்தாலும், ‘நாளைக்கு ஆள் வருவாங்கம்மா’ என்ற ஒரே பதில். எட்டு மாதமாக அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை.

என் மகள் கவிதா அம்பத்தூரில் ஃபிளாட்டில் இருக்கிறாள், ஐ.டி. வேலை. வரும்போதெல்லாம் அந்தப் போனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். “ஏம்மா, ஆளுக்கொரு செல்போன் இருக்கு. செத்துப்போன லைனை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றீங்க? எழுதிக் குடுத்துட்டு ஒழிச்சுக் கட்டுங்க” என்பாள். அவள் சொல்வது நியாயம்தான். ஃபாரம்கூட அவளே கொண்டுவந்து பூர்த்தி செய்து வைத்தாள். இணைப்பு அவர் பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்து வேண்டும்.

அங்கேதான் வண்டி நின்றது. “வேணும்னா ரிப்பேருக்கு நீங்க ஒரு நடை போய் சொல்லுங்க, வேணாம்னா கையெழுத்துப் போடுங்க” என்று தினம் கேட்டேன். “பாத்துக்கலாம்” என்பார். திட்டினேன், அழுதேன், ஒரு நாள் சமைக்காமல்கூட இருந்து பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். உண்மையில் எனக்கு அந்த போன் இருந்தால் என்ன, போனால் என்ன? இந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்து ஏதாவது ஒரு பதில் சொல்லவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை. ராத்திரி இல்லை, இருட்டு இல்லை, மண்டை பிளக்கிற பகல் வெயில். கூடத்தில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் பேப்பரை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்திருந்தார். சரியாகப் பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். எட்டு மாதம் கழித்து இன்றைக்குத்தான் சரிசெய்யத் தோன்றியதா இவர்களுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே, கையில் இருந்த கறையைப் புடவையில் துடைத்தபடி போய் எடுத்தேன்.

“மல்லிகா, நான்தாம்மே. சாப்ட்டியா?”

என் வீட்டுக்காரர் குரல். அவர் கரையான்சாவடியில் பிறந்து வளர்ந்தவர், அந்த ‘மே’ அவருக்கே உரியது. பின்னால் தட்டு விழுகிற சத்தம், பெரிய மின்விசிறி ஓடுகிற சத்தம். யாரோ, “சீக்கிரம் நைனா, சங்கு ஊதிடப் போறான்” என்று கத்துவதும் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலியில்தான் இருந்தார். மார்பில் இருந்த பேப்பர் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

“யாருங்க பேசறது?” என்றேன்.

சிரிப்பு. “இன்னாமே, புருஷன் குரலு தெர்லயா? காலைல சண்ட போட்டுகினு வந்தேன்னு இன்னும் கோவமா கீறியா? கேண்டீன்ல வத்தக்கொழம்பு, வாய்ல வைக்க முடில. நீ குட்த்த ஊறுகாய நாலு பேரு பங்கு போட்டு துன்ட்டானுங்க. இன்னா பண்ற நீ?”

போனை வைத்திருக்கவேண்டும். வைக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அது பயத்தினால் இல்லை. எத்தனை மாதமாயிற்று, இன்னா பண்ற நீ என்று ஒரு ஜீவன் என்னைக் கேட்டு! “வாழைப்பூ ஆஞ்சிக்கிட்டிருக்கேன்” என்றேன். எனக்கு எடுத்து வை என்றார். பக்கத்து வீட்டுக்காரி குப்பையை நம் வாசலில் தள்ளுகிறாள் என்றேன், சிரித்தார். முழங்கால் வலி என்றேன், சாயந்திரம் தைலம் வாங்கி வருகிறேன் என்றார். எதிரே நாற்காலியில் ஒருத்தர் தூங்கிக்கொண்டிருக்க, நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன்.

“உங்களுக்கு எதுக்கு எடுத்து வைக்கணும்? எழுப்பிச் சுடச்சுடப் போடறேன். இங்கதானே தூங்கிக்கிட்டிருக்கீங்க?”

அந்தப் பக்கம் திடீரென்று தட்டுச் சத்தமும் இல்லை, விசிறிச் சத்தமும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“நானா? நான் இன்னும் ஷாப்ப உட்டு கெளம்பவே இல்லியே, மல்லிகா. ஊட்ல யாரு கீறது?”

அதோடு சரி, லைன் போய்விட்டது. நான் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்தார் என்று தெரியாது. யார் போனில் என்று கேட்கவில்லை. “சாப்பாடு ஆயிடுச்சா?” என்று மட்டும் கேட்டார்.

செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய ஒயர் அறுந்து பக்கத்து வீட்டு மதிலுக்குள் கிடந்தது. அவர்கள் அதைக் கொடியாகக் கட்டி, அதில் துண்டும் உள்பாவாடையும் காயப்போட்டிருந்தார்கள்.

கவிதாவிடம் சொன்னேன். “குரலை அப்படியே காப்பி பண்ணி ஏமாத்தற கும்பல் இருக்கும்மா, ஜாக்கிரதை” என்றாள். ஏமாற்றுகிறவன் ஓ.டி.பி. கேட்பான், வாழைப்பூவை எடுத்து வை என்றா கேட்பான்? அறுந்த ஒயரைச் சொன்னேன். “அப்ப நீ கனவு கண்டிருக்கே” என்று முடித்துவிட்டாள். ஒரே நிமிஷத்தில் அவள் இரண்டு காரணம் சொன்னாள், இரண்டும் எனக்கு உதவவில்லை.

நானும் பைத்தியக்காரி மாதிரி அவரைச் சோதித்துப் பார்த்தேன். இடது கட்டைவிரலில் மிஷினில் வெட்டிய தழும்பு இருக்கிறது. குறட்டை அதே குறட்டை. கவிதா பிறந்த ஆஸ்பத்திரி, என் அப்பா பெயர், எல்லாவற்றுக்கும் சரியான பதில். சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணுவீர்களே, என்ன பேசுவோம் என்று கேட்டேன். “அதெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது?” என்றார். எந்தப் புருஷனும் சொல்கிற பதில்தான், அதை வைத்து நான் என்ன முடிவுக்கு வர முடியும்?

ஆனால் அந்த வியாழக்கிழமை சாயந்திரமே, இத்தனை நாளாகத் தொடாத ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டார். “கட் பண்ணிடலாம். இன்னாத்துக்கு அது” என்றார். எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன் அதற்காக! நான் அந்த ஃபாரத்தை எடுத்துக் கொண்டுபோய் என் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். இன்றுவரை கொடுக்கவில்லை. “நீதானேம்மா கட் பண்ணணும்னு கத்திக்கிட்டிருந்தே?” என்று கவிதா எரிந்து விழுகிறாள். அவளுக்கு என்னவென்று விளக்குவது? ஒருவேளை அந்த மனுஷன் மறுபடி கூப்பிட்டால், நான் எடுக்கவேண்டாமா?

தினமும் பன்னிரண்டேகாலுக்கே அடுப்பை அணைத்துவிட்டுப் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடிக்கவில்லை. பத்து நாள் போயிருக்கும், அவர் பிரம்பு நாற்காலியை ஜன்னலிலிருந்து இழுத்துக்கொண்டுவந்து போனுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டார். காற்று வரவில்லையாம் அங்கே. இரண்டு பேரும் அந்தப் போனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்போம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் ஆதர்ச தம்பதி என்று நினைத்திருப்பார்கள்.

போன வாரம் ஸ்டேஷன் பக்கம் காய் வாங்கப் போனேன். லெவல் கிராசிங்கில் கேட் போட்டு, ஒரு ரயில் போய், இன்னொன்றும் போகட்டும் என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். வெயிலில் எனக்கு எரிச்சலான எரிச்சல். வேர்த்து விறுவிறுத்து வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. ஜன்னல் வழியே தெரிந்தது. அவர் நிமிர்ந்து நின்றுகொண்டு ரிசீவரைக் காதில் வைத்திருந்தார். யார் சொல்வதையோ பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்.

“மல்லிகாவா? அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்களே.”

மெதுவாக வைத்தார். நான் பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய், அவரைத் தள்ளிக்கொண்டு ரிசீவரை எடுத்தேன். ஒரு சத்தம் இல்லை. அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

நீங்கள் இதையும் கனவு என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு ராத்திரியில் தூக்கம் வராமல் அடிப்பது வேறு விஷயம். வேலையை விட்டு வீட்டுக்கு வந்த இந்தப் பதினான்கு மாதத்தில், நாற்காலியில் இருக்கிறவர் வாயிலிருந்து என் பெயரை நான் கேட்டது அன்றைக்கு ஒரு தரம்தான்.