தழும்பு என்று சொல்லியிருக்கலாம்

போன வாரம் ஒரு சாதாரண இருமலுக்கு டொக்டரிடம் போனேன். "சேர்ட்டைக் கழற்றுங்கோ ஐயா" என்றார் அந்தப் பிள்ளை. என் கை பட்டனில் அப்படியே நின்றுவிட்டது.

"என்ன ஐயா, வெட்கமா?" என்று சிரித்தார். ஓம் என்று சொல்லி வைத்தேன். வெட்கம்தான்... ஆனால் அவர் நினைத்த வெட்கம் இல்லை.

வாராவாரம் என் ஊர்வம்பையெல்லாம் இந்தப் பக்கத்தில் வாசிக்கிறீர்கள். இதை மட்டும் இத்தனை வருடமாக எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன்.

யுத்தம் நடந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் எனக்குக் கயிற்று வேலை. கப்பல் அணையும்போது மேலிருந்து கயிறு விடுவார்கள் — மணிக்கட்டைவிடத் தடிப்பு. ஆறு பேர் இழுத்துக் கரையிலுள்ள இரும்புக் குற்றியில் மாட்ட வேண்டும். வரிசையில் கடைசி ஆள் நான். திறமையால் இல்லை, என் எடை நூற்று நாற்பத்தைந்து கிலோ!

"நங்கூரம் வந்திட்டுது, இனிக் கப்பலுக்குப் பயமில்லை" என்பான் எனக்கு முன்னால் நிற்கும் சிவராசா. திரியாயிலிருந்து இடம்பெயர்ந்து டவுனுக்கு வந்தவன். ஒருமுறை கயிறு அறுந்து வீசியதில் அவனுடைய வலது தோளில் நீளமாக ஒரு தழும்பு.

அந்த எடை என் இதயத்தையே முடிக்கப் பார்த்தது. கடைசியில் கொழும்பில் வயிற்றைத் திறந்து இரைப்பையைச் சின்னதாக்கினார்கள். ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். ஐம்பது கிலோ போயிருந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, சிவராசா எனக்காகத் துறைமுகக் கேற்றடியில் காத்து நின்றான். "அண்ணை, மிச்சம் எங்கை?" என்றான். சிரித்துக்கொண்டேதான் இருவரும் போனோம்.

கேற்றில் நின்ற நேவிக்காரர் புதியவர், அரைகுறைத் தமிழ் பேசும் சிங்களவர். பாஸில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நீ இல்ல" என்றார். சேர்ட்டைத் தூக்கச் சொன்னார்.

தூக்கினேன். நெஞ்சுக்குக் கீழே இருந்து தொப்புள் வரை சிவப்பாக ஒரு கோடு. அந்தக் காலத்தில் ஒரு தமிழனின் உடம்பில் இப்படி ஒன்று இருந்தால் என்ன அர்த்தம்? சண்டையில் பட்டது. வேறு அர்த்தமே கிடையாது.

டொக்டரின் கடிதத்தை நீட்டினேன். ஆங்கிலம், அவருக்குப் புரியவில்லை. "சாப்பாட்டைக் குறைக்கிற ஒப்பரேஷன் சேர்" என்றேன்.

"சாப்பாடு குறைக்க ஒப்பரேஷன்?"

அரிசிக்கு வரிசையில் நின்ற ஊரில் யார் இதை நம்புவார்கள்? துப்பாக்கி கொஞ்சம் உயர்ந்தது.

பயத்தில் வாய் உளறியது. "கயிற்று வேலை செய்யிற எல்லாருக்கும் காயம் இருக்கு சேர். இவருக்கும் தோளில இருக்கு" என்று சிவராசாவைக் காட்டினேன்.

தழும்பு என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருக்காது. காயம் தெரியும். செக் பொயின்ற்றில் நின்றவர்கள் முதலில் பழகிய தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று.

"காயம்?" என்று அவன் பக்கம் திரும்பினார். சிவராசாவின் சேர்ட்டும் கழன்றது. அதற்குள் ஓர் அதிகாரி வந்து என் கடிதத்தைப் படித்தார், தலையாட்டினார். நான் போகலாம். சிவராசாவிடம் என்ன கடிதம் இருக்கிறது? கயிறு அடித்ததற்கு யார் கடிதம் தருவார்கள்?

சின்ன விசாரணை என்றார்கள். "நீங்கள் போங்கோ அண்ணை, கப்பல் வந்திட்டுது. நான் பின்னால வாறன்" என்றான் அவன்.

போனேன். அதுதான் இன்றும் ஆறவில்லை... விட்டுவிட்டுப் போனேன்.

அன்று கயிற்றில் ஐந்து பேர். வழக்கம்போல் கடைசியில் நின்றேன், ஆனால் ஊன்றி நிற்க என்னிடம் கனம் இல்லை. கயிறு என்னைக் கரை விளிம்பு வரை இழுத்துப்போனது. தையல் போட்ட இடம் நெருப்பாக எரிந்தது. மத்தியானம் ஒரு பிடி சோறுகூட இறங்கவில்லை. அதற்கு இரைப்பையைக் குற்றம் சொல்ல முடியாது.

சிவராசா பின்னால் வரவில்லை. அன்றும் இல்லை, இன்றுவரையும் இல்லை.

மூன்றாம் நாள் அவன் மனைவி பவானி வீட்டுக்கு வந்தாள். "உங்களிட்ட ஒரு கடிதம் இருந்ததாமே அண்ணா. அதைக் காட்டினால் விடுவினமாம். ஒருக்காத் தாறீங்களா?"

கடிதத்தில் இருப்பது என் பெயரும் என் வயிறும் என்று சொன்னேன். "பரவாயில்லை, தாங்கோ அண்ணா" என்றாள். கொடுத்தேன். அதை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு காலமும் அந்தக் கேற்றால போய் வந்தவர்தானே. தோளில இருக்கிறதை ஆர் அண்ணா காட்டிக் குடுத்தது?"

தெரியாது என்றேன்.

பவானி இப்போது மறுபடி திரியாயில் இருக்கிறாள். இந்தப் பத்திரிகை அங்கே போகிறது. எங்கே என்னைக் கண்டாலும் அதே கேள்வியைத்தான் கேட்கிறாள்.

நான்தான், தங்கச்சி.