சிலிண்டர் டீச்சரும் சூரியனும்

இன்னிக்கு யாரைப் பாத்தேன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. தாராவி இசக்கிசெல்வி அக்காவை! நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால மாடி ரூம்ல ரொம்ப வருஷமா ட்யூஷன் எடுக்குறாங்களே, அவங்கதான். கை நிக்கல, உடனே டைப் பண்றேன்.

அக்காவுக்குக் கொஞ்ச நாளா ஒரே வயித்தெரிச்சல். காரணம், செம்பூர்ல இருந்து வர்ற ரீனா. ஞாயித்துக்கிழமை காலைல எதிர் பில்டிங் மொட்டை மாடில டெலஸ்கோப் வச்சு, முன்னால ஃபில்டர் மாட்டி, புள்ளைங்களுக்குச் சூரியனைக் காட்டுறா. சும்மாவே, காசில்லாம! அக்காவோட ஞாயித்துக்கிழமை க்ளாஸ் காலி. டெலஸ்கோப் இருந்தா யாருதான் டீச்சராக முடியாது? ரீனா சிரிப்பு பிடிக்கல, தொப்பி பிடிக்கல, புள்ளைங்க அவளை இந்தில அக்காங்குற மாதிரி 'தீதி'ன்னு இழுத்துக் கூப்பிடுறது சுத்தமாப் பிடிக்கல.

போன வாரம் அக்காவோட செல்லப்புள்ள ஷாலினியே வந்து சொல்லிட்டா.

"டீச்சர், சூரியன் கேஸ் சிலிண்டர் மாதிரி எரியுதுன்னு சொன்னியள்ல? தப்பாம். அங்க தீயே கிடையாதாம்."

"வேற என்ன சொன்னா ஒங்க தீதி?"

"தீதி ஒண்ணும் சொல்லல. பயலுவதான் ஒங்கள சிலிண்டர் டீச்சர்ங்கானுவ."

அக்காவுக்குச் சோறு இறங்கல. போன்ல தேடிப் பாத்தா ரீனா சொன்னதுதான் சரி. அது இன்னும் எரிஞ்சுது. வாரம் பூரா உக்காந்து படிச்சாங்க. இன்னிக்குக் காலைல அந்த மாடிக்கே போய்ட்டாங்க, ஏதாவது தப்பாச் சொல்லுவா, பிடிச்சிரலாம்னு.

ரீனா தப்பே சொல்லல. "சூரியனோட நடுவுல ஹைட்ரஜன் கருக்கள் ஒண்ணு சேருது"ன்னா.

"ஏன் தீதி சேருது?"ன்னு ஷாலினி கேட்டா.

"அழுத்தம், வெப்பம்."

ஷாலினி மொகத்துல ஒண்ணும் ஓடல. அந்த மொகம் அக்காவுக்குத் தெரியாதா? வாய் நிக்கல.

"ஏட்டி, காலைல தாதர் ஸ்டேஷன்ல ட்ரெயின் லேடீஸ் டப்பா பாத்திருக்கியா? ஒருத்திய ஒருத்திக்கு ஆகாது, ஆனாலும் மூஞ்சிக்கு மூஞ்சி ஒட்டிக்கிட்டு நிக்காளுவ. ஏன்?"

"பின்னால இருந்து தள்ளுதாவ, தக்கா குடுக்காவ, டீச்சர்!"

"அதேதான். ஹைட்ரஜன் கருவும் ஒண்ணை ஒண்ணு தள்ளும். ஆனா சூரியனோட மொத்த எடையும் மேல இருந்து அமுக்குது. உள்ள பயங்கரச் சூடு, எல்லாம் பறக்குதுவ. முட்டி முட்டி ஒட்டிக்கிடும். நாலு சேந்து கடைசில ஒரு ஹீலியம். அந்த ஹீலியம் நாலையும் விட எடை ஒரு துளி கம்மி. கொறஞ்ச அந்தத் துளிதான் வெளிச்சமா வருது. ராத்திரி மினுக்குற நட்சத்திரத்துக்கும் இதே பொழப்புதான்."

புள்ளைங்க விசிலடிச்சுட்டாங்க. ரீனா மொகம் சுண்டிப்போச்சு. அதைப் பாத்து அக்காவுக்கு நெஞ்சு குளுந்துச்சு.

"அக்கா, நான் என்ன சொன்னாலும் 'எங்க டீச்சர் சொன்னாதான் புரியும்'ங்குதுங்க இந்தப் பசங்க. எனக்கு எரியாதா?"ன்னா ரீனா.

அக்கா நேராப் போய் டெலஸ்கோப்ல கண்ணை வச்சாங்க. ஆரஞ்சு வட்டம், ஓரத்துல ஒரு சின்னக் கரும்புள்ளி. "இம்புட்டுதானா?"ன்னாங்க. ஆனா கண்ணை எடுக்கவே இல்ல! க்யூ மொத்தமும் கத்துது, நகரல!

கடைசில ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டாங்க: இனிமே ரீனா காட்டுவா, அக்கா சொல்லித் தருவாங்க. யாரு மொதல்லன்னு இப்பவே சண்டை. ஞாயித்துக்கிழமை காலைல புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க, இதை ஃப்ரெண்ட்ஸுக்கும் அனுப்புங்க. டெலஸ்கோப் க்யூல மட்டும் நிக்காதீங்க, அக்கா பக்கமும் போய் நில்லுங்க. எந்தப் பக்கம் கூட்டம் ஜாஸ்தின்னு அவங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க.