பெயர் இல்லாத சிப்பாய்க்கு ஒரு மனு

மனு கிடைத்த மூன்று நாளில் ஒப்புகை அனுப்ப வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்றாவது சொல்ல வேண்டும். அரசாணை அப்படித்தான் சொல்கிறது. ஆறாவது மாதம் வந்து கேட்டவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுவதும் என் வேலையாக இருந்தது. துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். இந்த மனு கடல் தாண்டிப் போக வேண்டியது. அங்கே நம் அரசாணை செல்லாது. ஆனாலும் நாட்களை எண்ணாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அந்த அம்மாள் உச்சி வெயிலில் வந்தார். இலங்கைப் போரில் படகேறி வந்து அகதி முகாமில் தங்கியவர். இப்போது விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றில் வேலை. என் மனைவி இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இன்னொருத்தரு எங்க?" என்றாள்.

"யாரு?"

"கூட ஒரு தம்பி வந்தாரே. வூட்டுக்குள்ள நொழஞ்சத பாத்தேங்க."

வாசலில் ஒரு ஜோடிச் செருப்புதான் கிடந்தது.

"கண்ணு டாக்டர்கிட்ட போலாம்னு எத்தினி தடவ சொல்றது?" என்றேன்.

"நீங்க மொதல்ல காத காட்டுங்க. கூப்புட்டா ஒரு தடவையாச்சும் கேக்குதா உங்களுக்கு?"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "ரெண்டையும் வையுங்கோ அக்கா. பஸ்ஸில கண்டக்டரும் ரெண்டு டிக்கெட்டோ எண்டுதான் கேக்கிறவர்" என்றார்.

பிறகு சொன்னார். போர்க்காலத்தில் அவர் ஊர்ப் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி ஆனது. இவரும் இன்னும் சில பெண்களும் காயம்பட்ட போராளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் கட்டில், பழைய சேலையைக் கிழித்தால் கட்டுத்துணி. ஒரு நாள் டிராக்டரில் வந்தவர்களில் ஒருவன் எதிர்ப்பக்கத்துச் சிப்பாய். வயிற்றில் காயம். பக்கத்துப் பெஞ்சில் படுத்திருப்பவர்களுக்குத் தெரிந்தால் உயிரோடு விடமாட்டார்கள். பெண்கள் அவன் சீருடையைக் கழற்றி அடுப்பில் போட்டார்கள். கழுத்தில் கிடந்த எண் தகட்டைக் கிணற்றில் எறிந்தார்கள். கைலியைக் கட்டிவிட்டு எங்கட பெடியன், எங்கள் பையன்தான் என்றார்கள். அவனைக் காப்பாற்ற நினைத்த அந்த ஒரு காரியத்தில் அவன் பெயர், ஊர், படைப்பிரிவு எல்லாம் போய்விட்டன.

"ஒண்டே ஒண்டுதான் மிச்சம் ஐயா. வாயத் திறந்தா அவன்ர பாஷை காட்டிக் குடுத்திடும். கதையாதை, கதையாதை எண்டு சைகையில சொன்னன். கேட்டவன். பிறகு துவக்கோட, துப்பாக்கியோட, இயக்க ஆக்கள் பாக்க வந்தவை. இவனுக்கு நோவு தாங்கேலாமல் வாய் அசைஞ்சது. நான் கைய வச்சுப் பொத்தினன். அவை போகக் கைய எடுத்தன்."

நான் பேனாவை மூடினேன்.

"மூச்சில்லை" என்றார். "காயத்தாலயோ, என்ர கையாலயோ, எனக்குத் தெரியேல்ல. அண்டைக்கு இருந்து கூடவே திரியிறான். கதைக்கிறேல்ல. நான்தானே கதையாதை எண்டனான்."

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவனைப் புதைத்த இடம் அவனைப் பெற்றவளுக்குத் தெரிய வேண்டும். காணாமற்போனவர்களைத் தேட அக்கரையில் ஓர் அலுவலகம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார்.

படிவத்தில் பெயர் என்ற இடத்தில் கோடு போட்டேன். உறவுமுறை என்ற இடத்தில் 'எதுவுமில்லை' என்று எழுதினேன். அப்படிப்பட்ட மனுவைப் பிரித்த கையோடு தள்ளுபடி செய்வார்கள், நானாயிருந்தாலும் செய்வேன். அடையாளம் என்ற இடத்தில்தான் எழுத ஏதோ இருந்தது. இறந்த பிறகு கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது பார்த்தாராம்: இடது காலில் சுண்டுவிரல் இல்லை, பிறவியிலேயே.

மனுவைத் தபாலில் அனுப்பியதற்கான ரசீதைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகள் பலகைகளில் வரிசையாகப் படுத்திருந்தன. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோட்டை ஈரப் பஞ்சால் துடைத்து எடுப்பது அவர் வேலை. நெற்றியிலும் மூக்கிலும் துடைத்திருந்தார். வாயின் மேல் கோடு அப்படியே இருந்தது. எல்லாப் பொம்மைக்கும்.

"பாருங்க சார், தெனம் இதே ரோதன" என்றார் மேஸ்திரி. "ஏம்மா, வாய மட்டும் எதுக்கு வுட்டுட்டு வர? தச்சு வச்ச மாதிரி இருக்குது. யாரு வாங்குவா?"

அவர் அடுத்த பொம்மையின் நெற்றியைத் துடைத்தார். மேஸ்திரியே பஞ்சை வாங்கி ஒவ்வொரு வாயாகத் துடைத்தார். அந்தத் தகர ஷெட்டில் அனல் அடித்தது. இருந்தும் எனக்கு முதுகு சில்லிட்டது. அதை எந்தத் தலைப்பின் கீழ் பதிவு செய்வது என்று தெரியவில்லை.

ஒரு மாதம் போனது. நினைவூட்டு அனுப்பினேன். பிறகு நினைவூட்டுக்கு ஒரு நினைவூட்டு. அவர் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தார். மனைவி கேட்காமலே இரண்டு டம்ளர் வைத்தாள். நானும் பக்கத்து நாற்காலியில் கிடந்த செய்தித்தாளை எடுத்துவிடுவேன். ஏன் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதில்லை.

பதில் வந்தபோது அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். கால்விரல் அடையாளத்தை வைத்து ஒரு தாயைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மகன் கிடக்கும் இடம் தெரிந்ததில் அவளுக்கு ஆறுதல். அவள் கேட்பது ஒன்றே ஒன்று. கடைசியில் அவன் ஏதாவது சொன்னானா?

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"அம்மா கேக்கிறா. இனிக் கதைக்கலாம், சொல்லு."

சமையலறையில் மிக்ஸி நின்றது. மனைவி நிலைப்படியில் வந்து நின்றாள். நான் அவன் சொல்லப்போவதை எழுதப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாளில் தேதி மட்டும் போட்டிருந்தேன்: மாசி மகத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.